மேலும் கீழும்: தொடக்கநிலை நிலவரைபடக் கல்வியில் தமிழ்த் திசைப்பெயர்கள்

ஆய்வுச்சுருக்கம்

நிலவரைபடத்தைப் படித்தறியும் திறன் திசை, இருப்பிடம், அளவை, உயரம் என்னும் நான்கு கருத்துகளின்மேல் நிற்கிறது. தமிழ்வழி பயிலும் மாணவர் வகுப்பறைக்குள் வரும்போதே இக்கருத்துகளுக்குரிய சொற்களைப் பெற்றே வருகின்றனர். அச்சொற்களுள் சில கற்றலுக்குத் துணையாகின்றன. சில, உரிய விளக்கம் இல்லாதபோது மயக்கம் விளைவிக்கின்றன. கிழக்கு, மேற்கு என்னும் பெயர்களில் உறையும் கீழ், மேல் என்னும் பொருளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, நிலவரைபடப் பாடத்தை எவ்வரிசையில் அமைப்பது பயன் தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலவரைபடம், திசைப்பெயர், நான்கெல்லை, அளவை, சமஉயரக் கோடு, கலைச்சொல்.

முன்னுரை

பள்ளி வகுப்பறைச் சுவரில் தொங்கும் நிலவரைபடத்தில் வடக்கு மேற்புறத்திலும் தெற்குக் கீழ்ப்புறத்திலும் அமைகின்றன. 'மேலே வடக்கு, கீழே தெற்கு, வலப்புறம் கிழக்கு, இடப்புறம் மேற்கு' என்று மாணவர் மனனம் செய்கின்றனர். தேர்வுக்கு இது போதுமானதாக உள்ளது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இடம்பெறும் நிலவரைபட வினா, எல்லைக்கோடு மட்டும் வரையப்பட்ட படத்தில் மலை, ஆறு, நகரம் முதலியவற்றைக் குறிக்கச் சொல்வது. அவ்வினாவிற்கு விடையளிக்க இடங்களின் இருப்பு நினைவில் இருந்தாலே போதும். படத்தைக் கொண்டு நிலத்தை அறியும் திறன் தேவைப்படுவதில்லை. எனவே, இந்திய வரைபடத்தில் பிழையின்றி இடம் குறிக்கும் மாணவர், தம் ஊரின் வரைபடத்தைக் கையில் ஏந்தி வயல்வெளியில் நிற்கும்போது அதனை எப்பக்கம் திருப்பிப் பிடிப்பது என்று அறியாதவராக இருத்தல் கூடும்.

இக்குறையைப் போக்க முனைவோர் பலர் ஐந்திணைப் பாகுபாட்டைத் துணைக்கொள்வர். திணைக்கோட்பாடு நிலத்தின் இயல்பையும் அதனோடு இயைந்த வாழ்வையும் உணர்த்த வல்லது. எனினும் அது நில வகைமை பற்றியதேயன்றி இருப்பிடம் பற்றியதன்று. ஓரிடம் குறிஞ்சி என்பதனால் அது எத்திசையில், எத்தொலைவில், எவ்வுயரத்தில் உள்ளது என்பது புலனாகாது. பாலையைத் தனி நிலமாக வரைபடத்தில் குறிக்க இயலாமையும் கருதத்தக்கது. நிலவரைபடத் திறனுக்கு இதனினும் நெருக்கமான மூலவளம் தமிழின் திசைப்பெயர்களிலும் எல்லை உரைக்கும் மரபிலும் உள்ளது.

திசைப்பெயர்களில் நிலச்சரிவு

கிழக்கு என்பது கீழ் என்பதனடியாகவும், மேற்கு என்பது மேல் என்பதனடியாகவும் பிறந்தவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தமிழகத்தின் பெரும்பகுதியில் மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கடலும் அமைந்துள்ளன. பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி ஆகியன மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி, அதாவது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுகின்றன. நிலத்தின் சரிவே திசைக்குப் பெயராயிற்று.

இப்பெயரீடு நிலத்தோடு பொருந்தாத இடங்களும் உள்ளன. கேரளத்தில் மலை கிழக்கேயும் கடல் மேற்கேயும் உள்ளன. ஆயினும் மலையாளத்தில் மலையிருக்கும் திசைக்குக் கிழக்கு என்பதே பெயர். இம்முரணைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலில் எடுத்துக்காட்டினார். மேற்கைக் குறிக்க அம்மொழியில் பெருவழக்காக உள்ள 'படிஞ்ஞாறு' என்னும் சொல், ஞாயிறு படும் திசை என்னும் பொருளது. இலங்கையின் மட்டக்களப்பில் வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை எனவும் மேற்கரை படுவான்கரை எனவும் வழங்குகின்றன. இவற்றிலிருந்து திசைக்குப் பெயரிடும் இரு நெறிகள் தெளிவாகின்றன. ஒன்று நிலச்சரிவு நோக்கியது. மற்றொன்று ஞாயிற்றின் எழுச்சியும் படுதலும் நோக்கியது. முதல் நெறி வட்டாரத்தைச் சார்ந்தது. இரண்டாம் நெறி எவ்விடத்துக்கும் பொதுவானது.

தமிழகத்துக்குள்ளேயே இவ்வேறுபாட்டைக் காட்டலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாறும் பழையாறும் மலையிலிருந்து இறங்கித் தென்மேற்குக் கடற்கரையை அடைகின்றன. அங்குப் பயிலும் மாணவர்க்கு மேற்கு என்பது மேடன்று. தஞ்சைச் சமவெளி மாணவர்க்கு அது, கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய மேடு. வாய்க்கால் நீரின் ஓட்டமே அதனைக் காட்டும். எனவே 'உங்கள் ஊரில் நீர் எப்பக்கம் ஓடுகிறது?' என்னும் வினாவே திசைப் பாடத்தின் முதல் வினாவாக அமைதல் தகும்.

தாளின் மேற்புறமும் நிலத்தின் மேட்டுப்புறமும்

மேல் என்னும் சொல் நிலவரைபட வகுப்பில் மூன்று பொருள்களில் வழங்குகிறது: தாளின் மேற்புறம், நிலத்தின் உயர்ந்த பகுதி, மேற்குத் திசை. 'மேலே வடக்கு' என்று கற்பிக்கும் ஆசிரியர் முதற்பொருளைக் கருதுகிறார். மேலத்தெருவில் குடியிருக்கும் மாணவர்க்கு மூன்றாம் பொருள் பழகியது. ஆறு மேலிருந்து கீழே பாய்கிறது என்னும் அறிவியல் பாடம் இரண்டாம் பொருளைத் தருகிறது. மூன்றும் வேறுபடுத்தப்படாதபோது, வடக்கு நோக்கி ஓடும் ஆறு எதுவும் 'மேலேறி' ஓட இயலாது என்னும் தவறான முடிவுக்கு மாணவர் வருதல் இயல்பு. நைல் ஆறு வடக்கு நோக்கிப் பாய்வது வியப்புக்குரியதாகத் தோன்றுவதும் இதனாலேயே.

மதுரை நகரின் வீதிகள் இம்மயக்கத்தைத் தெளிவிக்க ஏற்ற சான்றாகும். மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சூழ்ந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்கட்பெயர் சார்ந்த வீதிகளும் அவற்றிற்குப் புறத்தே வெளி வீதிகளும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. கீழ மாசி வீதி, தெற்கு மாசி வீதி, மேல மாசி வீதி, வடக்கு மாசி வீதி என்பன திசையால் பெயர்பெற்றவை. வடக்கை மேற்புறமாகக் கொண்ட வரைபடத்தில் கீழ மாசி வீதி தாளின் கீழ்ப்புறத்தில் இராது, வலப்புறத்தில் இருக்கும். மேல மாசி வீதி இடப்புறத்தில் இருக்கும். வீதிப்பெயர்களைத் தனித்தனித் தாள்துண்டுகளில் எழுதிக் கொடுத்து, நடுவே கோயிலைக் குறித்த வெற்றுத்தாளில் உரிய இடத்தில் வைக்கச் செய்தால், எந்த மாணவர் எந்தப் பொருளில் 'மேல்' என்பதைக் கொள்கிறார் என்பது ஆசிரியர்க்கு உடனே தெரியவரும்.

மேலத்தெரு, கீழத்தெரு என்னும் ஊர்ப்புறப் பெயர்களைக் கையாளும்போது மற்றொரு கவனமும் வேண்டும். மேல், கீழ் என்பன சமூகத்தில் உயர்வு தாழ்வு குறிக்கும் சொற்களாகவும் வழங்குவன. தெருவின் திசைப்பெயரை மதிப்புப்பெயராக மாணவர் கொள்ளாதபடி, அவை மேற்கையும் கிழக்கையும் குறிப்பன என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். சொல்லின் வரலாற்றை விளக்குவது இங்கு மொழிப்பாடமாகவும் நிலவியல் பாடமாகவும் அமைவதோடு, மாணவர் ஒருவரின் தன்மதிப்பைக் காப்பதாகவும் அமைகிறது.

நிழல்கொண்டு திசை காணல்

'ஞாயிறு தோன்றும் திசை கிழக்கு' என்பது தொடக்கநிலை வரையறை. இது முதற்படிக்கு ஏற்றதே. ஆயினும் ஞாயிறு நேர்கிழக்கில் தோன்றுவது மார்ச்சு, செப்டம்பர்த் திங்கள்களில் வரும் சமஇரவு நாள்களை ஒட்டியே. ஜூன் இறுதிப்பகுதியில் தமிழகத்தில் ஞாயிறு நேர்கிழக்குக்கு ஏறத்தாழ 24 பாகை வடக்கே விலகித் தோன்றுகிறது. டிசம்பர் இறுதிப்பகுதியில் அதே அளவு தெற்கே விலகித் தோன்றுகிறது. ஓராண்டு முழுவதும் பள்ளி வளாகத்தில் ஒரே இடத்தில் நின்று, ஞாயிறு எழும் இடத்தைத் தொலைவிலுள்ள மரம், கட்டடம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுக் குறித்துவரும் மாணவர் இதனைத் தாமே காண்பர்.

நண்பகல் நிழல் பற்றிய கூற்றும் இவ்வாறே திருத்தம் வேண்டுவது. நண்பகலில் நிழல் வடக்கு நோக்கி விழும் என்பது கடகக்கோட்டுக்கு வடக்கேயுள்ள நாடுகளுக்கு எப்போதும் பொருந்தும். தமிழகம் ஏறத்தாழ 8 பாகை முதல் 13½ பாகை வரையிலான வட அட்சங்களுக்கு இடைப்பட்டது. ஆதலின் ஆண்டுக்கு இருமுறை ஞாயிறு நேர் உச்சியில் நிற்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், மதுரையில் ஏப்ரல் நடுப்பகுதியிலும், சென்னையில் அத்திங்களின் நான்காம் வாரத்திலும் நிழலில்லா நண்பகல் நிகழ்கிறது. மீண்டும் அது ஆகஸ்ட், செப்டம்பர்த் திங்கள்களில் வடக்கிலிருந்து தெற்காக நிகழ்ந்து செல்கிறது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கியே விழும். வேற்றுநிலப் பாடநூலின் கூற்றை அவ்வாறே மொழிபெயர்த்துக் கற்பித்தால், மே திங்களில் வெளியே சென்று பார்க்கும் மாணவர் பாடநூலை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று தடுமாறுவர்.

ஆண்டின் எந்நாளிலும் பிழையின்றித் திசை காணச் சங்கு நாட்டும் முறை உதவும். சமதளத்தில் செங்குத்தாக ஒரு கோலை நட்டு, அதனை நடுவாகக் கொண்டு வட்டம் வரைய வேண்டும். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும் பிற்பகலில் மீண்டும் தொடும் புள்ளியையும் குறித்து இணைத்தால், அக்கோடு மேற்குக் கிழக்காக அமையும். அதற்குச் செங்குத்தான கோடு தெற்கு வடக்காகும். கட்டடக்கலை மரபில் நெடுங்காலமாக வழங்கிய முறை இது. நெடுநல்வாடையும் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியில், இரு கோல்களின் நிழலை நண்பகலில் நோக்கித் திசை அறிந்ததைக் குறிப்பிடுகிறது. நச்சினார்க்கினியர் அந்நாளைச் சித்திரைத் திங்களின் நடுப்பகுதியோடு இயைத்து உரை கூறுகிறார். சங்கப் பாடலொன்றைக் கற்பிக்கும் தமிழாசிரியரும் திசையைக் கற்பிக்கும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஒரே கோலை நட்டு ஒரே நாளில் பாடம் நடத்த இயலும் என்பதற்கு இது சான்று.

எல்லை உரைத்தலும் எல்லை வரைதலும்

சோழர்காலக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நிலக்கொடையின் எல்லையைக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்னும் வரிசையில் உரைக்கின்றன. இவ்வரிசை கிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றிவருவது. ஊரெல்லையைப் பிடியை நடத்திச் சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நட்டு உறுதிசெய்யும் வழக்கத்தையும் செப்பேடுகள் பதிவுசெய்கின்றன. வரைபடம் வரையப்படாத காலத்தில், நடந்து கண்ட எல்லையைச் சொல்லால் வரைந்த படங்களாக இப்பகுதிகளைக் கொள்ளலாம்.

எல்லை உரைக்கும் தொடரின் அமைப்பு மாணவர்க்கு அரிய பயிற்சி தருவது. கீழ்பாற்கெல்லையைக் கூறும்போது 'வாய்க்காலுக்கு மேற்கு' என்னும் வாய்பாடு அமையும். இன்றைய கிரயப் பத்திரங்களிலும் நான்கெல்லை கூறும் பகுதியில் இவ்வாய்பாடு தொடர்கிறது. இதன் பொருள், நிலம் வாய்க்காலுக்கு மேற்கே உள்ளது. எனவே வாய்க்கால் நிலத்துக்குக் கிழக்கே உள்ளது என்பதாம். மேற்கு என்னும் சொல்லை மட்டும் கண்டு வாய்க்காலை நிலத்தின் மேற்கே வரைபவர் நிலத்தையே இடம் மாற்றிவிடுகிறார். எதனை நடுவாகக் கொண்டு திசை சொல்லப்படுகிறது என்னும் வினாவே சார்பு இருப்பிடம் என்னும் கருத்தின் உயிர்நிலை. வாய்க்கால், வழி, மேடு, அடுத்தவர் நிலம் என நான்கெல்லைகளைக் கொண்ட ஓர் எளிய உரையைத் தந்து அதனைப் படமாக வரையச் செய்வதும், வரைந்த படத்தை மீண்டும் நான்கெல்லை உரையாக எழுதச் செய்வதும் இரு திசையிலும் பயிற்சியளிப்பன. எல்லை குறித்த பிழை குடும்பங்களைப் பல்லாண்டு வழக்கில் ஆழ்த்தக்கூடிய நாட்டில், இத்திறன் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று.

வரைபடத்தை நிலத்தோடு பொருத்திப் பிடித்தல் இதன் அடுத்த படி. மாணவர் தாம் வரைந்த படத்தைத் தரையில் வைத்து, படத்தின் வடக்கு நிலத்தின் வடக்கோடு பொருந்துமாறு திருப்ப வேண்டும். அப்போது எழுத்துகள் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ தோன்றலாம். படம் சரியாகவே இருக்கும். வடக்கு மேலே என்பது வரைவோர் மேற்கொண்ட மரபேயன்றி நிலத்தின் இயல்பன்று என்பதை மாணவர் உணரும் இடம் இதுவே.

அளவை

பெரிய அளவை, சிறிய அளவை என்னும் தொடர்கள் பெரும்பாலோர்க்குத் தலைகீழாகவே புரிகின்றன. பெரிய நிலப்பரப்பைக் காட்டுவது பெரிய அளவை வரைபடம் என்று கருதுவது இயல்பான பிழை. அளவை என்பது பின்னம் என்பதை முதலில் நிறுவினால் இப்பிழை நீங்கும். 1/5,000 என்பது 1/50,000 என்பதைவிடப் பெரிய எண். எனவே அது பெரிய அளவை. முதலாவதில் 1 செ.மீ. நிலத்தில் 50 மீட்டரைக் குறிக்கும். இரண்டாவதில் 500 மீட்டரைக் குறிக்கும். முதலாவதில் வீடு தெரியும். இரண்டாவதில் ஊர் தெரியும்.

வேளாண் குடும்பங்களில் புலப்படம் அறிமுகமான ஆவணம். ஒரு புல எண்ணுக்குரிய நிலத்தை மட்டும் காட்டும் அப்படத்தையும், ஊர் முழுவதையும் காட்டும் கிராம வரைபடத்தையும், இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவைத் தாளையும் அருகருகே வைத்து, ஒரே கிணற்றையோ குளத்தையோ மூன்றிலும் தேடச் செய்யலாம். அளவை சிறுத்துவரக் கிணறு மறைவதையும், குளம் சிறு நீலத்திட்டாக எஞ்சுவதையும் காணும் மாணவர், வரைபடம் என்பது நிலத்தின் சுருக்கம் மட்டுமன்று, தெரிவும் ஆகும் என்பதை அறிவர். அளவுகோலுக்கு ஒரு பொதுத்தரம் வேண்டும் என்பதை உணர்த்தக் கோயிற் சுவர்களில் வெட்டப்பட்டுள்ள நில அளவுகோல்களின் குறிகளைக் காட்டலாம். வட்டாரந்தோறும் கோலின் நீளம் வேறுபட்டதனாலேயே, கோல் எத்தனை சாண் கொண்டது என்பதைச் சுட்ட வேண்டியதாயிற்று.

சமஉயரக் கோடும் ஏரியும்

மேடு பள்ளத்தைத் தட்டையான தாளில் காட்டும் சமஉயரக் கோடு மாணவர் பெரிதும் இடர்ப்படும் பகுதி. இதனை விளக்க மலையைவிட ஏரியே ஏற்றது. நிலைத்து நிற்கும் நீரின் விளிம்பு எங்கும் ஒரே உயரத்தில் இருக்கும். கோடையில் ஏரி வற்ற வற்ற, நீர்விளிம்பு நின்ற இடங்களில் வரிவரியாகத் தடங்கள் எஞ்சுகின்றன. ஒவ்வொரு தடமும் ஒரு சமஉயரக் கோடே. சரிவு மெல்லியதாக உள்ள நீர்பிடிப்புப் பகுதியில் தடங்கள் விலகி நிற்கும். செங்குத்தான கரைப்பகுதியில் நெருங்கி நிற்கும். ஒரே நீர்மட்டத்தின் விளிம்பு இரு உயரங்களில் இருக்க இயலாமையால் தடங்கள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. சமஉயரக் கோட்டின் இயல்புகள் அனைத்தையும் வற்றிய ஏரியின் கரையில் நின்றே காட்டிவிடலாம்.

ஏரியின் வடிவமும் சரிவை உணர்த்தும். நீரைத் தடுக்கும் கரை, சரிவின் தாழ்ந்த பக்கத்தில் வளைந்து அமையும். மதகும் ஆயக்கட்டும் அதற்கு அப்பால் மேலும் தாழ்வான நிலத்தில் இருக்கும். எனவே வரைபடத்தில் ஏரிக்கரை எப்பக்கம் உள்ளது என்று பார்த்தாலே அவ்வூரின் நிலம் எப்பக்கம் தாழ்கிறது என்று கூறலாம். மேற்கு மேடாகவும் கிழக்குப் பள்ளமாகவும் உள்ள பகுதிகளில் கரை பெரும்பாலும் ஏரியின் கிழக்குப் பக்கத்தைத் தழுவி நிற்கும். திசைப்பெயரில் தொடங்கிய பாடம் இங்கு மீண்டும் தன் தொடக்கத்தைச் சேர்கிறது.

கலைச்சொல் சிக்கல்

இரேனியுசின் 'பூமி சாஸ்திரம்' 1832-இல் வெளிவந்தது முதல் நிலவியல் தமிழில் எழுதப்பட்டு வருகிறது. இந்நெடுங்காலத்தில் ஒரு கருத்துக்குப் பல சொற்களும் ஒரு சொல்லுக்குப் பல கருத்துகளும் சேர்ந்துள்ளன. அட்சரேகை என்றும் அட்சக்கோடு என்றும் தமிழகத்தில் வழங்குவது இலங்கையில் அகலக்கோடு எனப்படுகிறது. தீர்க்கக்கோடு நெடுங்கோடு எனப்படுகிறது. வரைபடம் என்னும் சொல் கணிதப் பாடத்தில் சார்புகளின் படத்தையும் குறிக்கிறது. ஒரே மாணவர் ஒரே நாளில் இரு வகுப்புகளில் அச்சொல்லை இரு பொருளில் கேட்கிறார். நிலவரைபடம் என்னும் கூட்டுச்சொல்லைத் தொடக்க வகுப்புகளிலேனும் உறுதியாகக் கையாளுதல் இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

அட்சம், அட்சக்கோடு என்னும் வேறுபாடும் பேணத்தக்கது. முன்னது நிலநடுக்கோட்டிலிருந்து ஓரிடத்தின் கோணத்தொலைவு; பின்னது ஒரே கோணத்தொலைவுடைய இடங்களை இணைக்கும் கோடு. கோடு என்னும் சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் இவ்வேறுபாட்டைத் தமிழில் தெளிவாகக் காட்ட முடியும். சொற்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, உள்ள சொற்களின் பொருளெல்லையை வரையறுப்பதே இன்றைய தேவை.

முடிவுரை

நிலவரைபடத் திறனைச் சுவர்ப்படத்தில் தொடங்காமல் நிலத்தில் தொடங்குவதே முறை. ஊரின் நீரோட்டம், திசைப்பெயரின் பொருள், கோலின் நிழல், நான்கெல்லை, புலப்படம், ஏரிக்கரை என்னும் வரிசையில் செல்லும் பாடம், மாணவர் ஏற்கெனவே அறிந்ததிலிருந்து அறியாததற்கு அவர்களை இட்டுச்செல்கிறது. இவ்வரிசையின் ஒவ்வொரு படியிலும் ஒரு சொல்லின் பொருளைத் தெளிவிக்க வேண்டியுள்ளது. மேல் என்பது தாளின் மேற்புறமா, மேட்டுநிலமா, மேற்குத் திசையா என்று பிரித்தறிந்த மாணவர் வரைபடத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டார். அவ்வாறு பிரித்துக் காட்டுவது நிலவியல் ஆசிரியர் தனித்து நின்று செய்யத்தக்க பணியன்று. சொல்வரலாறும் கல்வெட்டுத் தமிழும் உரைமரபும் அறிந்த தமிழ்த்துறையினர் பள்ளிப் பாடநூல் ஆக்கத்தில் மெய்ப்புத் திருத்துநராக மட்டும் இல்லாமல், கருத்து விளக்கத்திலும் பங்குகொள்ளும்போதே அப்பணி நிறைவுறும்.